சபூரும் சங்கிலிப் பூட்டும்



கடந்த இரண்டாண்டுகளாக நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: “ஆய்வேடு என்னவாயிற்று?” ஒவ்வொருவருக்கும் ஒருவரியில் விடை சொல்லி நகர்ந்திருக்கிறேன். இப்போது ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆய்வேட்டைப் பற்றி மட்டுமன்று. அது கைநழுவிய நாள்களில் என் காதில் மிகுதியாக விழுந்த ஒரு சொல்லைப் பற்றியும். நம் வீடுகளில் புழங்கும் ‘சபூர்’ என்ற சொல் அது.

நான் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறை ஆய்வாளன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்ப வக்ஃபுகள் தொடர்பாக நடந்த வழக்குகள் என் ஆய்வுப் பொருள். பாரசீகத்திலும் உர்தூவிலும் எழுதப்பட்ட வக்ஃபு சாசனங்கள், சாட்சி வாக்குமூலங்கள், வக்காலத்து நாமாக்கள் ஆகியவற்றைப் பதினான்கு மாதங்கள் தேடிப் படித்தேன். படமெடுக்க இசைவு கிடைக்காத கோப்புகளைக் கையாலேயே நகலெடுத்தேன். அவ்வாறு நிரம்பியவை மூன்று தடித்த குறிப்பேடுகள். எஞ்சியவை மடிக்கணினியில் இருந்தன. அவற்றின் நகல் ஒரு வன்வட்டில் இருந்தது. அந்த வன்வட்டும் மடிக்கணினி இருந்த அதே பையில் இருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதுவே பின்னர் எனக்கும் தோன்றியது.

லக்னோவிலிருந்து திரும்பிய இரவு அது. வண்டி புறப்படுமுன் பெட்டிக்குள் ஒருவர் சங்கிலியும் பூட்டும் விற்றுக்கொண்டு வந்தார். இருக்கையின் அடியிலுள்ள கம்பியில் பையைப் பிணைத்துப் பூட்டிவிட்டு உறங்கும் வழக்கம் வடக்கே இரவுப் பயணம் செய்கிற எல்லாருக்கும் தெரியும். எதிர் இருக்கைப் பெரியவர் ஒன்று வாங்கினார். என்னையும் வாங்கச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே மறுத்தேன். பையைக் காலடியில் வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு படுத்தேன். ஃபஜ்ருக்கு விழித்தபோது கால்மாட்டில் பை இல்லை.

அதன்பின் நிகழ்ந்தவை எல்லாருக்கும் தெரிந்த வகையானவைதான். அடுத்த நிலையத்தில் இறங்கினேன். புகார் எழுதிக் கொடுத்தேன். பையின் நிறத்தையும் அடையாளத்தையும் சொன்னேன். அதிலிருந்த பொருள்களின் மதிப்பை எழுதச் சொன்னார்கள். மடிக்கணினிக்கு ஒரு தொகையை எழுத முடிந்தது. மூன்று குறிப்பேடுகளுக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் ‘மூன்று பழைய நோட்டுகள்’ என்று மட்டும் எழுதினேன்.

ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டுகளுக்குமேல் கிடைக்காது. நான் நான்காம் ஆண்டின் இறுதியில் இருந்தேன். ஊரில் அத்தா பணி ஓய்வு பெற்றுவிட்டார். ‘டாக்டர்’ என்று என் பெயருக்கு முன்னால் வரவிருக்கும் அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை செலவுகளைத் தள்ளிப்போட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் மௌனம். பிறகு, “சபூர் செய் தம்பி” என்றார். அம்மா சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அந்தக் குரலில் அழுகை இருந்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில் அதே சொல்லைப் பலரும் பல தொனிகளில் சொன்னார்கள். “சபூர் செய்யுங்கள்” என்றார் ஒருவர். “எல்லாம் நன்மைக்கே” என்றார் இன்னொருவர். “இந்த ஆய்வு உனக்கு நஸீபில் இல்லை; அல்லாஹ் அடையாளம் காட்டிவிட்டான்; ஊருக்கு வந்து ஒரு வேலையைப் பார்” என்றார் உறவினர் ஒருவர். யாருடைய உள்ளத்திலும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் என் வாய் அடைக்கப்படுவதுபோல உணர்ந்தேன். ஒரு கட்டத்தில் அந்தச் சொல்லின்மீதே எனக்கு வெறுப்பு வந்தது. சிறுவயதிலிருந்து புனிதமாகக் கேட்டுவந்த ஒரு சொல்லை வெறுப்பது எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதை நம்பிக்கையுள்ளவர்கள் அறிவார்கள். அந்த அச்சம்தான் என்னை மறுபடியும் மூலங்களை நோக்கித் திருப்பியது.

முதலில் என் நினைவுக்கு வந்தது அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி. ஒரு பெண் மண்ணறையருகே அழுதுகொண்டிருக்கிறார். அவ்வழியே செல்லும் நபிகள் நாயகம் (ஸல்) அவரிடம் இறைவனை அஞ்சிப் பொறுமை காக்கும்படி கூறுகிறார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், என்னைவிட்டு விலகிச் செல்லும், என் துயரம் உமக்கு நேரவில்லை என்ற பொருளில் பேசிவிடுகிறார். பேசியது யாரிடம் என்று பின்னர் தெரிந்ததும் பதறிப்போய் நபியவர்களின் இல்லத்துக்கு வருகிறார். அங்கே வாயிற்காவலர் எவருமில்லை. தாம் அறியாமல் பேசிவிட்டதாகச் சொல்கிறார். பொறுமை என்பது துயரத்தின் முதல் அடியின்போது காட்டுவதே என்று நபியவர்கள் விடையளிக்கிறார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

இந்த ஹதீஸை நான் முன்பு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எல்லாச் சொற்பொழிவுகளிலும் அந்தக் கடைசிக் கருத்துதான் அழுத்திச் சொல்லப்படும். இம்முறை என் கண்ணில் பட்டது வேறொன்று. ‘என் துயரம் உமக்கு நேரவில்லை’ என்று அந்தப் பெண் சொன்னபோது நபியவர்கள் வாதம் செய்யவில்லை. தாம் யாரென்று அறிவிக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்தை அவர்களும் அறிவார்கள். அதை எடுத்துச் சொல்லி அவரை அடக்கவும் இல்லை. ஒருமுறை சொன்னார்கள், கேட்கும் நிலையில் அவர் இல்லை என்று தெரிந்ததும் நகர்ந்துவிட்டார்கள். மறுபடி பேசியது, அவரே தேடிவந்த பிறகுதான். பொறுமையைப் போதிப்பவருக்கும் ஒரு பொறுமை வேண்டும் என்பதை அந்த விலகலிலிருந்து நான் கற்றேன். சபூர் சொல்லிச் சோர்ந்துபோன என் நண்பர்கள்மேல் இருந்த சினமும் அன்று சற்றுத் தணிந்தது. நானும் அத்தகைய ஒருவனாகப் பலமுறை இருந்திருக்கிறேன்.

அடுத்துச் சென்றது யூசுஃப் அத்தியாயத்துக்கு. அல்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள், ஒரே கதையைத் தொடக்கம்முதல் இறுதிவரை தொடர்ச்சியாகச் சொல்லும் அத்தியாயம். மகனின் சட்டையைப் பொய்யான இரத்தம் தோய்த்துக் கொண்டுவந்து காட்டும்போது யஃகூப் (அலை) ‘அழகிய பொறுமை’ என்கிறார். பல ஆண்டுகள் கழித்து இன்னொரு மகனையும் இழந்து நிற்கும்போது அதே சொற்களைத் திரும்பவும் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டாம் இடத்துக்கு அடுத்த வசனத்திலேயே, அவருடைய கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின என்ற செய்தி வருகிறது. தம் வேதனையை இறைவனிடமே முறையிடுவதாகவும் அவர் சொல்கிறார்.

அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக இறைவன் காட்டிய மனிதர் அழுது அழுது பார்வை இழந்தவர். இதைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தேன். அழுவது பொறுமையின்மை என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இந்தப் பக்கத்தை எப்படிக் கடந்துபோனார்கள்? அய்யூப் (அலை) அவர்களும் அவ்வாறே. நோயில் வாடிய அவர் தமக்குத் துன்பம் நேர்ந்ததை இறைவனிடம் எடுத்துச் சொல்கிறார். அப்படிச் சொன்னவரைத்தான் அல்குர்ஆன் பொறுமையாளர் என்று புகழ்கிறது. இறைவனிடம் முறையிடுவது வேறு, இறைவனைப் பற்றி முறையிடுவது வேறு என்று நம் அறிஞர்கள் பிரித்துக் காட்டியது இதனால்தான். முதலாவது தொழுகையின் ஒரு பகுதி. அன்றிரவு தொழுகை விரிப்பில் நான் செய்தது துஆ அன்று, வெறும் முறையீடு. பதினான்கு மாதங்களின் ஒவ்வொரு பிற்பகலையும் பெயர் சொல்லி முறையிட்டேன். அதன்பின் பல நாள்களுக்குப் பிறகு முதன்முறையாக நன்றாக உறங்கினேன்.

யஃகூப் (அலை) அவர்களிடம் கற்க இன்னும் ஒன்று இருந்தது. அழகிய பொறுமை என்று சொன்ன அதே தந்தை, பிள்ளைகளை அழைத்து, போய் யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பிவைக்கிறார். அவருடைய பொறுமை தேடலை நிறுத்தவில்லை.

‘அடையாளம்’ என்று உறவினர் சொன்னாரே, அது என்னை நெடுநாள் உறுத்தியது. அல்லாஹ் இந்தப் பாதையை அடைத்துவிட்டானோ என்ற ஐயம் ஒரு முள்போலக் கிடந்தது. அதற்கு விடையாக வந்தது நபியவர்களின் மகன் இப்ராஹீமின் மரணம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பால்மணம் மாறாத அந்தக் குழந்தை இறந்தது. நபியவர்கள் கண்ணீர் விட்டார்கள். தாங்களுமா அழுகிறீர்கள் என்று தோழர் ஒருவர் வியந்து கேட்டபோது, அக்கண்ணீர் கருணை என்று விளக்கினார்கள். குழந்தை இறந்த அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு மதத் தலைவருக்கு இதைவிட வசதியான தருணம் கிடைக்காது. வாய்திறவாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் நபியவர்கள் மக்களைத் தொழுகைக்குக் கூட்டி, சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

வானில் நிகழ்ந்த ஒன்றையே தம் துயரத்தோடு முடிச்சுப்போட அவர்கள் இசையவில்லை. அப்படியிருக்க, ஒரு ரயில் பெட்டியில் பை திருட்டுப் போனதை வைத்து இறைவனின் உள்ளத்தை வாசித்துவிட நான் யார்? கத்ரை நம்புவது, அதாவது இறை விதியை ஏற்பது, நம் ஈமானின் பகுதி. அந்த விதியின் காரணத்தை நாமே எழுதிக்கொள்வது ஈமானின் பகுதியன்று. திருடியவன் ஒரு மனிதன், பூட்டாதவன் நான். இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதும் முள் வெளியே வந்தது.

பூட்டாதவன் நான் என்பதற்கு வருகிறேன். ஒட்டகத்தின் ஹதீஸை அறியாத முஸ்லிம் இருக்கமாட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பட்டுமா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பட்டுமா என்று ஒருவர் கேட்கிறார். கட்டிவிட்டு நம்பும்படி நபியவர்கள் சொல்கிறார்கள். திர்மிதியில் பதிவானது. இதை நான் மத்ரஸாவில் ஏழு வயதில் படித்தேன். என் ஒட்டகம் பையாக வந்தபோது, கயிறு சங்கிலியாக, விலை பேசி, என் இருக்கைக்கே வந்து நின்றபோது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றிரவு நான் செய்ததற்குத் தவக்குல் என்று பெயரிட்டுக்கொண்டேன். உண்மையில் அது சோம்பலும், நமக்கெல்லாம் நேராது என்ற சிறு இறுமாப்பும். இறைவனின் பெயரை அதன்மேல் போர்த்தியிருந்தேன்.

தவக்குல் என்ற சொல்லை அதன்பின் என் ஆய்வுப் பொருளின் வழியாகவே புரிந்துகொண்டேன். நான் நாள்தோறும் படித்த வழக்குக் கட்டுகளில் எங்கும் நிறைந்திருந்த சொற்கள் வக்கீல், வக்காலத்து. நீதிமன்றப் படியேறும் நம் ஊர் விவசாயியும் இவற்றைத் தமிழ்ச் சொற்களாகவே எண்ணிப் பேசுகிறார். இவையும் தவக்குலும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. ஒருவரைப் பொறுப்பாளராக ஏற்று அவரிடம் காரியத்தை ஒப்படைப்பது என்பது அந்த வேரின் பொருள். இறைவனின் அழகிய பெயர்களில் அல்வகீல் என்பதும் ஒன்று. தவக்குல் வைப்பது என்றால் இறைவனிடம் வக்காலத்து கொடுப்பது.

இப்போது எண்ணிப் பாருங்கள். வக்கீலிடம் வக்காலத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்த எந்தக் கட்சிக்காரரும் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. பத்திரங்களைத் தேடி எடுக்கிறார். சாட்சிகளை அழைத்து வருகிறார். வாய்தா நாளில் நேரத்துக்கு முன்பே வந்து நிற்கிறார். ஆனால் வாதத்தையும் முடிவையும் பற்றித் தாமே இரவெல்லாம் புலம்புவதில்லை. தம்மைவிட அறிந்தவர் கையில் அது இருக்கிறது என்று நம்புகிறார். உழைப்பு அவருடையது, பாரம் மட்டுமே மாற்றிக் கொடுக்கப்பட்டது. நான் செய்தது இதற்கு நேர்மாறு. உழைப்பை இறைவனிடம் தள்ளிவிட்டு, பாரத்தை என் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன்.

622ஆம் ஆண்டின் ஹிஜ்ரத் பயணத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. நபியவர்களும் அபூபக்ரும் (ரலி) முதலில் சென்றதோ தெற்கே, ஸவ்ர் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ரின் மகன் பகலில் மக்காவில் இருந்து செய்தி திரட்டி இரவில் கொண்டுவந்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆட்டு மந்தையை அவ்வழியே ஓட்டிச்சென்று பாலும் தந்தார், காலடித் தடங்களையும் மறைத்தார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிமே அல்லர். பாலைவழியை அறிந்தவர், நம்பகமானவர் என்பதே அவருடைய தகுதி. இவ்வளவும் செய்து முடித்த பிறகு, தேடிவந்தவர்கள் குகை வாயிலில் நின்றபோது, இனிச் செய்ய எதுவும் மிச்சமில்லை என்ற அந்த நொடியில்தான், கவலைப்படவேண்டாம், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். திட்டமிடலில் குறை வைத்துவிட்டுச் சொன்ன ஆறுதல் அன்று அது.

இதுவரை எழுதியவற்றை நூல்களிலிருந்து கற்றேன். ஒன்றை மட்டும் என் பெரியம்மாவிடமிருந்து கற்றேன்.

செய்தி கேட்டு அவர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் சொன்னது இது: “சபூருன்னா வாயை மூடிக்கிட்டுக் கிடக்கிறதுன்னுதான்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பதினோரு வருஷம் கிடந்தேன். உன்கிட்ட யாராவது அப்படிச் சொன்னா கேட்காதே. போய் மறுபடி எழுது.”

பெரியம்மாவின் மணவாழ்க்கை எங்கள் குடும்பத்தில் யாரும் உரக்கப் பேசாத ஒன்று. அடிபட்டுத் தாய்வீடு வந்தபோதெல்லாம் சபூர் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். பன்னிரண்டாம் ஆண்டில் அவரே ஜமாஅத்துக்கு முன் வந்து நின்று குலா கேட்டார். பிறகு ஒரு தையல் எந்திரம் வாங்கி, இரு பிள்ளைகளையும் படிக்கவைத்தார். ஐந்து நேரத் தொழுகையை விடாத அவர் பொறுமையற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழாது. எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அத்தனை ஆண்டுகளும் பொறுமைதான். அடியை வாங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் நாம்.

மதீனாவில் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற பெண், தம் கணவர் பழைய அரபு வழக்கப்படி ஒரு சொல்லைச் சொல்லித் தம்மை ஒதுக்கிவைத்ததை எதிர்த்து நபியவர்களிடம் வந்து வாதிட்டார். விடாமல் வாதிட்டார். அவருடைய முறையீட்டை இறைவன் செவியேற்றான் என்ற அறிவிப்போடு தொடங்குகிறது அல்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம். அதன் பெயரே அல்முஜாதலா, வாதிடுதல். அநீதிக்கு ஆளானவர் பேசியதைப் பொறுமைக்கு மாறானதாக இறைவன் கருதவில்லை. அவருடைய வாதத்தை ஓர் அத்தியாயத்தின் பெயராக்கினான். பெரியம்மா இந்த அத்தியாயத்தின் விளக்கத்தைப் படித்தவரல்லர். ஆனால் அதன் பொருளை எங்களில் எவரையும்விட நன்கு வாழ்ந்தவர்.

ஸப்ர் என்ற அரபுச் சொல்லின் வேருக்கு, தடுத்து நிறுத்துதல், பிணைத்தல் என்பது பொருள். நம் அறிஞர்கள் அதை மூன்றாகப் பகுத்தார்கள்: கடமைகளில் நிலைத்திருக்கும் பொறுமை, தீமையிலிருந்து தன்னைத் தடுத்துக்கொள்ளும் பொறுமை, நேர்ந்த துன்பத்தைத் தாங்கும் பொறுமை. நாம் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் எளியவர்களுக்கே ஒதுக்கிவிட்டோம். முதலாவது பொறுமைக்கு நாள்தோறும் காலையில் எழுந்து மேசையின் முன் அமர வேண்டும். எனக்கு அப்போது தேவைப்பட்டது அதுதான்.

மறுபடி எழுது என்று பெரியம்மா சொன்னதைச் செயலாக்க எனக்கு இமாம் கஸ்ஸாலியின் இளமைக்காலக் கதை ஒன்று உதவியது. தூஸ் நகரில் 1058இல் பிறந்த அவர், ஜுர்ஜானில் கல்வி கற்றுக் குறிப்புகளோடு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையரிடம் சிக்கினார். எல்லாவற்றையும் பறித்துச் சென்றவர்களின் பின்னாலேயே ஓடி, அந்தக் குறிப்புகளை மட்டும் திருப்பித் தருமாறு கெஞ்சினார். ஒரு பையைப் பறித்ததும் உன் அறிவு போய்விடும் என்றால் அதை அறிந்தவன் என்று நீ எப்படிச் சொல்லிக்கொள்வாய் என்று கொள்ளையர் தலைவன் சிரித்தானாம். பிறகு பையைத் திருப்பிக் கொடுத்தானாம். அந்தப் பழிப்பைத் தமக்கான வழிகாட்டலாக எடுத்துக்கொண்ட கஸ்ஸாலி, தூஸில் மூன்றாண்டுகள் அமர்ந்து எழுதியவற்றையெல்லாம் மனத்தில் ஏற்றினார் என்று ஸுப்கி தம் நூலில் பதிவுசெய்கிறார்.

என் கொள்ளையன் எதையும் திருப்பித் தரவில்லை. ஆயினும் அவன் கேட்காமல் கேட்ட கேள்வி அதுவேதான். அந்த மூன்று குறிப்பேடுகளைவிட்டால் எனக்கு என்ன தெரியும்? ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். முதல் நாள் நான்கு பக்கம் வந்தது. ஒரு வாரத்தில் நாற்பது பக்கம். வழக்குகளின் போக்கும் வாதங்களின் சாரமும் என்னிடம் இருந்தன. எண்களும் தேதிகளும் இல்லை. எதை இழந்தேன், எதை இழக்கவில்லை என்று முதன்முறையாக எனக்குத் தெரிந்தது.

அப்போது என் ஆய்வுப் பொருளே என்னிடம் பேசியது. குடும்பத்தினர் பயன்பெறும்படி ஏற்படுத்தப்பட்டு, ஏழைகளுக்கான பங்கு பெயரளவில் மட்டுமே உள்ள வக்ஃபுகள் செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1894இல் தீர்ப்பளித்தது. பேரரசின் இறுதி முறையீட்டு மன்றம் அது. அதற்குமேல் போக இடமில்லை. அன்றிருந்தவர்கள் இதை நஸீப் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள், ஷிப்லி நுஃமானி போன்ற அறிஞர்கள் ஆதரவு திரட்டினார்கள். முகமது அலி ஜின்னா சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1913இல் முஸல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. இடையில் பத்தொன்பது ஆண்டுகள். இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவன் பதினான்கு மாதங்களை இழந்ததற்காகத் துறையைவிட்டு ஓடுவதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மறுபடியும் சென்றேன். அதே காப்பகங்கள், அதே கோப்புகள், அதே பெயர்ப்பதிவேடு. இரண்டாம் முறை படிக்கையில், முதல் முறை தவறாக வாசித்திருந்த இடங்கள் சில தெரிந்தன. ஒரு சாசனத்தின் ஹிஜ்ரி ஆண்டையே பிழையாகக் குறித்திருந்தேன். இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், “பார்த்தீர்களா, திருட்டுப் போனதே நன்மைக்குத்தான்” என்றார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உதவித்தொகை முடிந்துபோய், பயிற்சி வகுப்புகளில் பாடமெடுத்து வாடகை கட்டிய மாதங்கள் இருந்தன. சிறிய அறுவை மருத்துவத்தை அத்தா என்னிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டார் என்பது பின்னர்தான் தெரிந்தது. அவற்றை நன்மை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். இழப்பு இழப்புதான். அதிலிருந்து இறைவன் நன்மையை எடுக்க வல்லவன் என்பது என் நம்பிக்கை. அதை எடுத்தாயிற்று என்று கணக்கு முடிப்பது என் வேலையன்று.

காலையில் பசித்த வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளைத் தவக்குலுக்கு உவமையாகக் காட்டும் ஹதீஸ் ஒன்று உண்டு. பறவை கூட்டைவிட்டுப் புறப்படுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மாலையில் எது கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது என்பதையும்.

எனக்கும் தெரியாது. ஆய்வேடு இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் கையளிக்கப்படும். ஏற்கப்படலாம், திருத்தம் கேட்டுத் திரும்பி வரலாம். அதன்பின் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எழுதியவற்றின் நகல்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரியம்மாவின் தையல் மேசை இழுப்பறையில். என்னவென்று அவருக்குத் தெரியாது. “உன் நோட்டு பத்திரமா இருக்குப்பா” என்று வாரம் ஒருமுறை சொல்கிறார்.

சென்ற வாரம் மீண்டும் அதே இரவு வண்டியில் வந்தேன். சங்கிலி விற்பவர் வருமுன்னரே என் கையில் சங்கிலி இருந்தது. பையை இருக்கையின் கம்பியோடு பிணைத்துப் பூட்டினேன். இருமுறை இழுத்துப் பார்த்தேன். சாவியைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டு, அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்தேன். இடையில் இரண்டு நிலையங்களில் விழிப்பு வந்தது. காலால் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உறங்கினேன். இன்னும் அவ்வளவுதான் என் தவக்குல். வளரவேண்டும்.

இதைப் படிப்பவர்களில் எவரேனும் எதையேனும் இழந்த முதல் நாள்களில் இருந்தால், அவருக்கு நான் சபூர் சொல்லமாட்டேன். அழுதுகொள்ளுங்கள், முறையிட வேண்டியவனிடம் முறையிடுங்கள், உங்களுக்கு அநீதி நேர்ந்திருந்தால் அதை வாய்திறந்து சொல்லுங்கள். பிறகு, முடிகிறபோது, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எஞ்சியிருப்பதை எழுதத் தொடங்குங்கள். எனக்காகவும் என் பெற்றோருக்காகவும் பெரியம்மாவுக்காகவும் துஆ செய்யுங்கள். உங்கள் எல்லாருக்காகவும் நான் செய்கிறேன்.

வஸ்ஸலாம்.